யப்பானிய நாடகங்களில் இல்லறத் துரோகம்: வன்னியில் கூடியிருந்து பார்க்கவும் பேசவும் ஒரு வழிகாட்டி

கணவன் மனைவிக்கிடையில் மூன்றாவது ஆள் வந்து சேரும் கதை வன்னி மக்களுக்குப் புதிதன்று. முல்லைத்தீவில் விடியவிடிய ஆடப்படும் கோவலன் கூத்தைப் பாய் விரித்திருந்து பார்த்தவர்கள், மாதவியிடம் போன கோவலனையும் சிலம்போடு நின்ற கண்ணகியையும் தங்கள் உறவுக்காரரைப் போல அறிவார்கள். மதுரையை எரித்தவள் கோபம் தணிந்து வந்தமர்ந்த இடமென்று நம்பப்படும் வற்றாப்பளையில், வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரிவதைக் காண மாவட்டம் கடந்தும் சனம் வருகிறது. ஆனால் அதே காரியம் இன்றைய வீடொன்றில் நடந்துவிட்டால் கிணற்றடியிலும் கடை வாசலிலும் தாழ்ந்த குரலில் மட்டுமே அது பேசப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் அந்தப் பேச்சில் இருப்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் காதில் மட்டும் எப்படியோ அது விழுந்துவிடுகிறது.

மாதர் சங்கத்திலோ வாசிகசாலையிலோ திருமண ஆயத்த வகுப்பிலோ வளர்ந்தவர்களைக் கூட்டிவைத்து, இந்த விடயத்தைக் கௌரவமாகப் பேச விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். யப்பானிய நாடகங்களைத் தெரிந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவை தூரத்து ஊர்க் கதைகள். திரையில் வரும் வீட்டைப் பார்த்து இது இன்னாருடைய கதை என்று எவரும் கண்சாடை காட்ட முடியாது. இரண்டாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நமது பழங்கதையில் பிரிவு சட்டென்று நடந்து முடிந்துவிட, அதற்குப் பின்வரும் துன்பமும் நீதி கேட்டலுமே நீண்டு செல்கின்றன. நல்ல யப்பானிய நாடகங்களோ துரோகம் நடப்பதற்கு முந்திய நாட்களிலேயே தங்கிவிடுகின்றன: இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டும் ஒன்றும் பேசாத இரவு, கணவர் எத்தனை மணிக்கு வருவார் என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்ட வாரம், பிறத்தியார் ஒருவர் சொன்ன அன்பான சொல்லை மனம் திரும்பத் திரும்ப நினைக்கும் மத்தியானம். வீட்டைக் காப்பாற்ற வழியிருப்பது அந்த நாட்களில்தான் என்பதால், அவற்றைப் பார்க்கப் பழகுவதே இந்த முயற்சியின் நோக்கம்.

எதைத் தெரிவது

வயது வந்தோருக்கான யப்பானிய நாடகம் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றுள், உடலைக் காட்டுவதற்காகவே எடுக்கப்பட்டவையும் ஏராளமாகக் கலந்து கிடக்கின்றன. ஆகவே பெயரையும் படத்தையும் நம்பித் தரவிறக்கம் செய்து நேரே கூட்டத்தில் போடக்கூடாது. ஒழுங்கமைப்பவர் முழுவதையும் முன்கூட்டியே தனியாக ஒருமுறையும், தன்னோடு கூட்டத்தை நடத்தவிருக்கும் இன்னொருவருடன் மறுமுறையும் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை மண்டபத்துக்குள் விடாதீர்கள். பால்குடிப் பிள்ளையோடு வரும் தாய்க்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

தொடங்குவதற்கு யசுஜிரோ ஓசு 1956இல் எடுத்த ‘சோஷுன்’ என்ற படத்தையே பரிந்துரைப்பேன். தோக்கியோ அலுவலகமொன்றில் வேலை செய்யும் இளம் கணவர், தினமும் ஒரே தொடருந்தில் வந்துபோகும் கூட்டத்தில் ஒரு பெண்ணோடு நெருக்கமாகிறார். ‘தங்கமீன்’ என்பது அவளுக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். எல்லோரும் சேர்ந்து நடைப்பயணம் போன நாளில் இவர்கள் இருவர் மட்டும் வழியில் வந்த லொறியில் ஏறிக்கொண்டு மற்றவர்களைக் கையசைத்துக் கடந்து போகும் காட்சியைக் கவனியுங்கள். அந்தக் கணத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. இரண்டு பேர் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கூட்டத்திலிருந்து இருவராகப் பிரிந்தது அங்கேதான். வீட்டிலோ, இறந்துபோன குழந்தையின் துயரம் கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் பேசப்படாமலே கிடக்கிறது. உண்மை தெரிந்ததும் மனைவி கூச்சலிட்டு ஊரைக் கூட்டவில்லை, வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கடைசியில் கணவருக்கு ஒகயாமா மாவட்டத்தின் மிட்சுயிஷி என்ற சிறிய தொழிற்சாலை ஊருக்கு மாற்றம் கிடைக்க, சில காலத்தின் பின் அவள் அங்கே வந்து சேர்கிறாள். உடற்காட்சி எதுவும் இல்லாதபடியால், மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் இருந்து பார்க்கலாம்.

இரண்டாவதாக, மிக்கியோ நருசே 1955இல் எடுத்த ‘உக்கிகுமோ’. இது வன்னிக்கு மிக நெருக்கமான கதை; அதனாலேயே மிகுந்த பக்குவத்தோடு கையாள வேண்டியதும் ஆகும். யுத்த காலத்தில் பிரெஞ்சு இந்தோசீனாவின் காட்டுத் திணைக்கள வேலைக்குப் போன இளம்பெண் ஒருத்தி, அங்கே மணமான அதிகாரி ஒருவரை விரும்புகிறாள். யுத்தம் தோற்று, இருவரும் சிதைந்த நாட்டுக்குத் திரும்பிய பின் அவர் தன் மனைவியை விட்டு வரவுமில்லை, இவளை முற்றாக விடவுமில்லை. நடுவில் இன்னொருவரின் மனைவியோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட, அந்தப் பெண்ணை அவளது கணவன் கொன்றுவிடுகிறான். இறுதியில் ஓயாது மழை பெய்யும் யக்குஷிமா தீவில், அவர் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நோயுற்ற கதாநாயகி இறந்துபோகிறாள். இந்தப் படத்தில் ஆசைக்கும் வெறுமைக்கும் இடையிலுள்ள கோடு மங்கிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் இழந்த மனிதர்கள், இழப்புக்கு முந்திய காலத்தின் மணம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் பற்றிக்கொள்கிறார்கள். 2009இற்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் இதை எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, 2014இல் ஃபுஜி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘ஹிருகாவோ’ என்ற 11 பகுதிகள் கொண்ட தொடர். பல்பொருள் அங்காடியில் பகுதிநேர வேலை செய்யும் மனைவியும், பாடசாலையில் உயிரியல் கற்பிக்கும் மணமான ஆசிரியரும் அதில் வருகிறார்கள். அவளுடைய கணவர் கெட்டவரல்லர். அடிப்பதுமில்லை, குடித்துவிட்டு வருவதுமில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவியை ‘அம்மா’ என்று அழைத்துக்கொண்டு, அவளை ஒரு பெண்ணாகப் பார்ப்பதை மறந்துவிட்டவர். இளம் தம்பதியர் கூடும் இடத்துக்கே இத்தொடர் பொருந்தும். முதற்கூட்டத்திலேயே இதைப் போட்டால், ஊரைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்து முயற்சி அத்தோடு நின்றுவிடக்கூடும்.

ஷொஹெய் இமாமுரா எடுத்து 1997இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட ‘உனாகி’ சிறந்த படம்தான். எனினும் அது மனைவியின் துரோகத்தைக் கண்ட கணவன் அவளைக் குத்திக் கொல்வதோடு தொடங்குகிறது. வீட்டு வன்முறையை அனுபவித்தவர்கள் இருக்கக்கூடிய கூட்டத்தில் அதைப் போடவே வேண்டாம்.

பார்ப்பதற்கு முன்

காலத்தைச் சரியாகத் தெரிந்தெடுங்கள். பெரும்போக விதைப்பு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் எவருக்கும் இருந்து பார்க்க மனம் வராது. அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்து, வீடுகளில் கொஞ்சம் மூச்சுவிடும் வாரங்களே நல்லவை. ‘சோஷுன்’ 144 நிமிடம் ஓடும். பேச்சுக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். ஆகவே மாலையில் தொடங்கினால் பெண்கள் வீடு திரும்பப் பிந்திவிடும், கடைசி பஸ்ஸும் போய்விடும். சனி அல்லது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பொதுநோக்கு மண்டபத்தின் யன்னல்களைத் தடித்த துணியால் மறைத்துத் தொடங்கி, மதியச் சாப்பாட்டை அங்கேயே சமைத்துக் கொடுத்துப் பின்னேரம் பேச்சை வைத்துக்கொள்வது நல்லது. கோயில் மண்டபத்தைத் தவிர்க்கவும். அங்கே பேசத் தொடங்கும் எவரும் தீர்ப்புச் சொல்லும் குரலிலேயே பேசிவிடுகிறார்கள்.

மொழிதான் பெரிய தடை. இப்படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துரையே கிடைக்கும். தமிழில் கிடைப்பது அரிது. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரோ பல்கலைக்கழக மாணவரோ ஒருவர் அந்த உரையை முன்னரே தமிழில் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, காட்சியோடு சேர்த்துத் தாழ்ந்த குரலில் வாசித்தால் போதும். வாசிப்பவர் நடிக்க வேண்டியதில்லை. கதாபாத்திரங்கள் பேசாமலிருக்கும் இடங்களில் அவரும் பேசாமலிருக்க வேண்டும். இப்பொழுது இவர் கவலைப்படுகிறார் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால், பார்ப்பவர் தாமாகக் கண்டுகொள்ள வேண்டியதை நாம் பறித்துவிடுகிறோம். இத்தகைய படங்களில் அமைதியே பாதிக் கதை என்று தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள்.

சட்டம் பற்றியும் சில நிமிடங்கள் பேசத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது விளங்காது. யப்பானின் 1907ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி, மணமான பெண் வேறொருவருடன் உறவு வைத்தால், கணவர் முறையிடும் பட்சத்தில், அவளும் அந்த ஆணும் இரண்டு ஆண்டுகள் வரை சிறை செல்ல நேர்ந்தது. கணவர் மணமாகாத பெண்ணொருத்தியிடம் போனால் அது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. யுத்தத்துக்குப் பிந்திய அரசியலமைப்பு கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று வகுத்ததன் பின், 1947இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இன்று அங்கே துணைத்துரோகம் விவாகரத்துக்கு ஒரு காரணம். துணையிடமிருந்தும், உறவில் சம்பந்தப்பட்ட மூன்றாமவரிடமிருந்தும் நட்டஈடு கோரி வழக்காடவும் முடியும். புதிய தொடர்களில் சட்டத்தரணியும் ஒப்பந்தமும் பணமும் அடிக்கடி வருவது இதனால்தான். நம் நாட்டிலும் அது தண்டனைக்குரிய குற்றமன்று. ஆனால் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, திருமணத்துக்குப் பின்னான பிறன்மனைப் புணர்ச்சியும் வன்மத்தோடு கைவிட்டுப் போதலும் விவாகரத்துக்குரிய காரணங்கள். இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் பெண்கள் பக்கத்திலிருந்து கேள்விகள் வரும். அவற்றுக்கு இடம் கொடுங்கள். ஆனால் அங்கேயே நீதிமன்றம் நடத்த வேண்டாம்.

பேச்சை நடத்துதல்

குற்றவாளி யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஆயத்தமான விடை இருக்கிறது. விடை வந்ததும் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, இவர் எந்தக் காட்சியில் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று கேளுங்கள். ஒருவர் முத்தமிட்ட இரவைச் சொல்வார், இன்னொருவர் லொறியைச் சொல்வார். வயதான ஒருவர், அதற்கெல்லாம் முன்னர், பிள்ளை செத்த துக்கத்தை இருவரும் சேர்ந்து அழாமல் விட்ட நாளைச் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லப்பட்டுவிட்டால் கூட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். மனைவி எப்பொழுது அறிந்தாள், அறிந்ததை ஏன் உடனே சொல்லவில்லை, வீட்டைவிட்டுப் போனபோது யாரிடம் போனாள், அந்த இடம் நம் ஊரில் ஒருத்திக்கு இருக்கிறதா என்பன அடுத்துக் கேட்கத்தக்கவை. மூன்றாமவளையும் விட்டுவிடாதீர்கள். ‘தங்கமீன்’ என்ன இழந்தாள், அவளை நண்பர்கள் கூடியிருந்து விசாரித்தபோது அதே கேள்விகள் அந்த ஆணிடம் கேட்கப்பட்டனவா என்று வினவினால், ஆண்கள் பக்கம் சிறிது நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கலைக்க வேண்டாம்.

நடத்துபவர் பேசும் விதமும் முக்கியமானது. வயதில் மூத்தவரிடம், “அக்கா, நீங்கள் அந்த மனிசியின்ர இடத்தில இருந்திருந்தால் அண்டைக்கு இரவு என்ன சொல்லியிருப்பியள்?” என்று கேட்கலாம். “நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன் பிள்ளை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைச்சிட்டுப் படுத்திருப்பன்” என்று அவர் சொன்னால், அது சரியா பிழையா என்று கேளாமல், “அவர் எழும்பி வந்து அந்தச் சாப்பாட்டைத் திறந்து பார்க்கேக்க என்ன நினைச்சிருப்பார்?” என்று பேச்சை அடுத்தவரிடம் கொண்டுபோகலாம். கதையின் ஆட்களைப் பற்றி மட்டுமே பேசுவது என்பதைக் கட்டாய விதியாக வையுங்கள். எங்கள் ஒழுங்கையிலும் இப்படித்தான் ஒருத்தி என்று எவரேனும் தொடங்கினால், நடுவில் மறித்துத் திரையிலுள்ள வீட்டுக்கு அவரைத் திருப்புங்கள். மறிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும், பெயர் சொல்லப்படப்போகும் அந்தப் பெண்ணின் மரியாதை அதைவிடப் பெரிது.

சோதனை எப்படி வருகிறது என்பதை வெளிநாட்டுப் பிரிவோடு சேர்த்துப் பேசினால் பயனுண்டு. யப்பானில் கணவரை மட்டும் வேறு நகரத்துக்கு மாற்றிவிட, குடும்பம் பழைய இடத்திலேயே இருந்துவிடுவது வழமையான ஒன்று. அந்த நாட்டு நாடகங்களில் இது திரும்பத் திரும்ப வரும். நமக்கோ கட்டாரும் சவூதியும் குவைத்தும் கொழும்பும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே முகம் பார்க்கும் தம்பதியரிடம், தொலைபேசிதான் பெண்களைக் கெடுக்கிறது என்று சொல்வது அநியாயம் என்றே கருதுகிறேன். பணம் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா என்பதோடு அழைப்பு முடிந்துவிடும் வீட்டில், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் எவருடைய குரலும் பெரிதாகிவிடும். பாலைவனத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருக்கும் கணவனுக்கும் இது பொருந்தும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: தூரத்தில் இருக்கும் துணையோடு காசையும் பிள்ளைகளையும் தவிர்த்து நீங்கள் கடைசியாகப் பேசியது எதைப் பற்றி? இதற்கு விடையைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணை இந்தப் பேச்சுக்குள் இழுக்கக்கூடாது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரோடு மனைவிமாரும் இருந்தார்கள். அவர்களுள் இளம் வயதிலேயே அந்தக் காத்திருப்புக்குள் தள்ளப்பட்டவர்கள் உண்டு. இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாதோருக்கு, ஆளைக் காணவில்லை என்பதையே அரசு உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பெண் மறுமணம் செய்யலாமா, ஒருவரோடு சிரித்துப் பேசலாமா என்பதற்கு ஊர் தானே தீர்ப்பு வைத்திருக்கிறது. ‘உக்கிகுமோ’வைப் பார்த்தபின் எவரேனும் அந்தத் திசையில் ஒரு சொல் சொன்னால், நடத்துபவர் தயங்காமல், தெளிவாகத் தடுக்க வேண்டும். திரும்பி வருவாரா என்று தெரியாத ஒருவருக்காக வாழ்ந்துகொண்டிருப்பவளுடைய தனிமையையும், பக்கத்து அறையில் கணவர் இருக்கும் வீட்டின் துரோகத்தையும் ஒரே பெயரால் அழைப்பது கொடுமை. முடிந்தால் அந்தப் படத்தைத் திரையிடுமுன், அத்தகைய குடும்பத்துப் பெண்கள் சிலரிடம் கதையைச் சொல்லி, வர விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படமே வேண்டாம்.

எவரேனும் அழுதால், காரணத்தைச் சபையில் கேட்காமல், முன்னரே ஏற்பாடு செய்த ஒரு பெண் அவரை வெளியே மரநிழலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் தானாகச் சொன்னால் கேட்கலாம். சொன்னதை வேறெவரிடமும் கொண்டுபோகக்கூடாது. கூட்டத்துக்கு வந்ததையே காரணமாக்கிக் கணவர் சந்தேகப்பட்டு அடிக்கும் ஆபத்தும் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது பன்னிரண்டு மாதங்கள் வரை நடைமுறையில் இருக்கக்கூடியது. பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தையும், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கும் நாட்களையும் ஒரு சிறு துண்டில் எழுதி, பெண்களின் மலசலகூடக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். மண்டபச் சுவரில் ஒட்டினால் அதை நின்று வாசிக்க எவருக்கும் துணிவு வராது.

முதற்கூட்டத்தைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே, ஒரே படத்தோடு நடத்துவதே நடைமுறைக்கு உகந்தது. ஆண்களின் கூட்டத்தை ஆண் ஒருவரே நடத்தட்டும். சாராயம் குடித்துவிட்டு வருபவரை அன்றைக்குத் திருப்பி அனுப்புங்கள், மறுமுறை வரச் சொல்லுங்கள். இரு பக்கமும் இரண்டு படங்களைப் பார்த்துப் பேசிப் பழகிய பின்னரே தம்பதியரைச் சேர்த்து வைத்து, ‘ஹிருகாவோ’ தொடரைக் கிழமைக்கு இரண்டு பகுதிகளாகத் தொடங்கலாம். அப்பொழுதும் கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திக் கேள்வி கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் படம் முடிந்ததும் அரை மணித்தியாலம் தேநீருக்கு விட்டு, பேச விரும்புவோரை மட்டும் மீண்டும் உள்ளே கூப்பிடுங்கள். போக விரும்பும் தம்பதியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகட்டும், ஏன் போகிறீர்கள் என்று எவரும் கேட்க வேண்டாம்.